வீட்டிலேயே மரவேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டு வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் மரவேலை செய்து வருகிறேன். பிழைப்பு வேறு, இது விருப்பத்துக்காகச் செய்வது. ஓர் ஆசாரியின் பட்டறையில் மூன்று மாதம் மாலை நேரங்களில் உட்கார்ந்து பார்த்ததுதான் என் படிப்பு. வீட்டுக்கு வருகிறவர்கள் புத்தக அலமாரியையோ மணையையோ தொட்டுப் பார்த்துவிட்டு ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். 'நூல்' என்று வரும் இடத்தில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்.

மெஷின் எதுவும் இல்லாமல் தொடங்க முடியுமா?

முடியும். அப்படித்தான் தொடங்க வேண்டும் என்றே சொல்வேன். ஒரு கைரம்பம், அரை அங்குலத்தில் ஒன்றும் முக்கால் அங்குலத்தில் ஒன்றுமாக இரண்டு உளிகள், கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), ஓர் இழைப்புளி, மூலைமட்டம், இஞ்ச் டேப், நான்கு சி-கிளாம்ப். ஸ்க்ரூ போடுவதற்கு மட்டும் ஒரு டிரில் இருந்தால் நல்லது. பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கும். இவ்வளவு போதும், முதல் ஒரு வருடம் ஓடிவிடும்.

பணத்தை மிச்சம் பிடிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. கையால் இழைக்கும்போதுதான் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது கைக்குத் தெரியும். நாரோடு போனால் சுருள் சுருளாக வரும், எதிர்த்துப் போனால் பிய்த்துக்கொண்டு வரும். ஒரே பலகையில் கணுவுக்கு இந்தப் பக்கம் ஒரு மாதிரியும் அந்தப் பக்கம் வேறு மாதிரியும் இருக்கும். இது கைக்குப் பழகிய பிறகு மெஷின் வாங்கினால் அது உங்களுக்கு உதவும்.

மூலைமட்டத்தை மட்டும் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். நேரான விளிம்புள்ள ஒரு பலகையில் அதை வைத்து ஒரு கோடு போடுங்கள். பிறகு மட்டத்தைத் திருப்பிப் போட்டு அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விரிந்தால் வேறொன்றை எடுக்கச் சொல்லுங்கள்.

புது உளிதானே, ஏன் வெட்டவில்லை?

கடையிலிருந்து வரும் உளி கூர்மையாக இருக்காது. வடிவம்தான் கொடுத்திருப்பார்கள், கூர் போடுவது வாங்கியவர் வேலை. நான் முதல் எட்டு மாதம் இது தெரியாமல் கொட்டாப்புளியால் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தேன். மரம் நசுங்கியது, மணிக்கட்டு வீங்கியது. ஆசாரி என் உளியை வாங்கிப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் சாணைக்கல்லை எடுத்து நீட்டினார். அன்றைக்குத்தான் என் மரவேலை தொடங்கியது என்று நினைக்கிறேன்.

சாணைக்கல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 8 மில்லிமீட்டர் கண்ணாடித் துண்டு ஒன்றைக் கண்ணாடிக் கடையில் வெட்டி வாங்குங்கள். அதன்மேல் தண்ணீர் தெளித்து, தண்ணீருக்குத் தாங்கும் உப்புத்தாளை விரியுங்கள். சொரசொரப்பான 220 எண் தாளில் தொடங்கி 400, 800, 1500, மென்மையான 2000 என்று வரிசையாகப் போகலாம். முதலில் உளியின் முதுகு: தட்டையான அந்தப் பக்கம், நுனியிலிருந்து ஓர் அங்குல தூரமாவது கண்ணாடி போல ஆக வேண்டும். இது ஓர் உளிக்கு ஒரு முறைதான். பிறகு சரிவுப் பக்கம். 25 டிகிரி சரிவு இருந்தால், நுனியில் மட்டும் கொஞ்சம் தூக்கிப் பிடித்து 30 டிகிரியில் சில இழுப்புகள் போதும். முதுகுப் பக்கம் விரலால் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். பிசிறு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வந்திருந்தால்தான் அந்தத் தாளின் வேலை முடிந்தது. கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் உலோகப் பாலிஷ் தடவி, பின்னோக்கி இருபது இழுப்பு.

கூர் வந்துவிட்டதா என்று பார்க்க, மென்மையான பைன் கட்டை ஒன்றின் வெட்டுமுனையில் (நார் குறுக்கே வெட்டுப்பட்ட முனையில்) கையால் மட்டும் தள்ளிச் சீவிப் பாருங்கள். சீவிய இடம் வழுவழுப்பாகப் பளபளத்தால் சரி. தூள்தூளாக உதிர்ந்தால் திரும்பவும் கண்ணாடிக்குப் போங்கள். இழைப்புளியின் தகட்டுக்கும் இதே முறைதான். வேலை நடுவில் பத்து நிமிடம் நிறுத்திக் கூர் போடுவதை நேர விரயமாக நினைக்காதீர்கள். கை வலிக்கத் தொடங்கினால் பலம் போதவில்லை என்று நினைப்பதற்கு முன்னால் கூரைப் பாருங்கள்.

எந்த மரம் வாங்குவது? தேக்கு இல்லாமல் ஆகாதா?

தேக்கின் பெயர் நியாயமானது. அதில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு, கரையான் எளிதில் தொடாது, சுருங்கி விரிவதும் குறைவு. கேரளத்து நிலம்பூரில் 1840-களிலேயே தேக்குக்கு என்று தனித் தோட்டம் போட்டார்கள் என்றால் அதன் மதிப்பைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் பழகுகிறவர் தேக்கை வெட்டிப் பாழாக்கினால் மனம் விட்டுப்போகும். நம் ஊர் மரங்கள் பல இருக்கின்றன, அவற்றைத் தொட்டுப் பாருங்கள்.

வேம்பு எளிதில் கிடைக்கும், நிறமும் நன்றாக இருக்கும். நார் மாறி மாறி ஓடுவதால் இழைப்பது சிரமம். பூவரசு எனக்கு மிகவும் பிடித்த மரம். கருஞ்சிவப்பு வைரம் (மரத்தின் நடுப்பகுதி), இழைத்தால் பட்டுப் போல வரும். பெரிய பலகையாகக் கிடைப்பது அரிது, அதனால் சின்னப் பெட்டிகளுக்கு வைத்துக்கொள்ளலாம். வாகையில் ரேகை அழகு. அதன் தூள் மூக்கைக் கடுமையாக அரிக்கும். பலா மஞ்சளாக இருந்து வருடங்கள் போகப் போகப் பழுப்பாகும். தஞ்சாவூர் வீணையும் மிருதங்கமும் இதில்தான் செய்கிறார்கள். மா மரம் மலிவு, வேலைக்கும் எளிது, ஆனால் வண்டு விழும். சின்னக் கடைசல் சாமான்களுக்கு வெட்பாலை: கர்நாடகத்துச் சன்னப்பட்டணத்துப் பொம்மைகள் வழிவழியாக இந்த மரத்தில் செய்யப்பட்டவை.

முதல் நான்கைந்து பொருள்களுக்கு என் பரிந்துரை பைன் அல்லது ரப்பர் மரம். ரப்பர் மரம் பால் வடிந்து ஓய்ந்த பிறகு, 25 முதல் 30 வயதில் வெட்டப்படுவது. வண்டு அரிக்காமலிருக்க போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து, சூளையில் உலர்த்தித்தான் விற்பார்கள். துண்டுகளை ஒட்டிச் செய்த பலகையாக வரும், நேராக இருக்கும். வீட்டுக்குள் வைக்கிற பொருளுக்கு நம்பி வாங்கலாம். மழையில் வைக்கக் கூடாது.

மரவாடியில் கணக்கு எப்படிப் போடுவார்கள்? ஏமாறாமல் இருப்பது எப்படி?

கன அடிக் கணக்கு. நீளத்தை அடியிலும் அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் எடுத்து, மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். 6 அடி நீளம், 6 அங்குல அகலம், 1 அங்குலக் கனம் உள்ள பலகை 36-ஐ 144-ஆல் வகுத்தால் கால் கன அடி. போவதற்கு முன்னால் உங்களுக்குத் தேவையான துண்டுகளின் பட்டியலைப் போட்டு மொத்தக் கணக்கை எழுதிக்கொண்டு போங்கள். அதற்கு மேல் கால் பங்கு கூடுதலாக வாங்குங்கள். ரம்பம் தின்பது, இழைத்து எடுப்பது, வெடிப்பு, கணு என்று அவ்வளவு போய்விடும்.

1 அங்குலம் என்று கொடுக்கும் பலகை இழைத்து முடித்தால் 6 நூலுக்கு வந்து நிற்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, அறுப்புக் கணக்கு அப்படித்தான். ஆனால் வெள்ளைப் பகுதியைப் பாருங்கள். மரத்தின் நடுவில் உள்ள கருத்த பகுதிதான் வைரம். வெளிச் சுற்று வெள்ளை. வண்டு முதலில் வெள்ளையில்தான் விழும். பலகையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து நீளவாக்கில் பாருங்கள், முறுக்கம் இருந்தால் தெரியும். வளைந்த பலகையைச் சின்னத் துண்டுகளாக்கிப் பயன்படுத்தலாம். முறுக்கின பலகையை விட்டுவிடுங்கள்.

பிளைவுட்டில் செய்தால் மரவேலை ஆகாதா?

தாராளமாகச் செய்யுங்கள். அலமாரிக்கும் பெட்டிக்கும் பிளைவுட்தான் பல இடங்களில் சரியான தேர்வு; குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டியிருப்பதால் அகலத்தில் சுருங்காது. முத்திரையை மட்டும் படித்துவிட்டு வாங்குங்கள். ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர முத்திரையோடு எம்.ஆர். (காற்றின் ஈரத்தைத் தாங்குவது) என்று இருந்தால் அறைக்குள் வைக்கும் பொருளுக்கு. தண்ணீர் பட்டால் பிரிந்துவிடும். ஐ.எஸ். 710 என்பது கொதிநீரில் 72 மணி நேரம் போட்டுச் சோதிக்கும் தரம். சமையலறைத் தொட்டிக்குக் கீழே அதை வையுங்கள். பலகை 8-க்கு 4 அடி. ஆட்டோவில் வராது. கடையிலேயே அளவு கொடுத்து அறுத்து வாங்கிவிடுவது அடுக்குமாடிக்காரர்களுக்கு நல்லது.

எம்.டி.எஃப்., அதாவது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகையை நான் வீட்டில் அறுப்பதில்லை. அதன் தூள் மாவு போல நுண்ணியது, பசையும் கலந்தது.

முதலில் என்ன செய்து பார்க்கலாம்?

கட்டில், சாப்பாட்டு மேசை என்று தொடங்குகிறவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்து, திங்கட்கிழமை வீட்டில் பயன்படுகிற பொருளாக இருக்கட்டும். இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று, மணை. 18 அங்குல நீளம், 12 அங்குல அகலப் பலகை, அடியில் இரண்டு குறுக்குச் சட்டம். அறுப்பது, இழைப்பது, மூலை பார்ப்பது, விளிம்பை உருட்டுவது எல்லாம் இதில் வந்துவிடும். பெரியவர்கள் உட்கார்ந்து பார்த்து "ஆடுதே" என்று சொல்லிவிடுவார்கள், உடனே திருத்திக்கொள்ளலாம். சட்டங்களைப் பலகைக்கு முழுக்க ஒட்டிவிடாதீர்கள். காரணம் கீழே வருகிறது.

இன்னொன்று, சிட்டுக்குருவிக் கூடு. நுழையும் துளை 32 மில்லிமீட்டர். இதைவிடப் பெரிதானால் மைனா எட்டிப் பார்க்கும். உள்ளே தரை 12-க்கு 12 சென்டிமீட்டர் இருந்தால் போதும். துளைக்குக் கீழே குச்சி வைக்க வேண்டாம், குருவிக்கு அது தேவையில்லை, காக்கைக்குத்தான் உதவும். தரையில் நான்கு சின்ன ஓட்டை, மழைநீர் வடிய. உள்பக்கம் இழைக்காமல் சொரசொரப்பாக விடுங்கள், குஞ்சுகள் ஏறி வர அது வேண்டும். பெயின்ட்டும் அடிக்கக் கூடாது. மேல்மூடி திறக்கும்படி இருந்தால் வருடத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்யலாம். ஆள் எட்டாத உயரத்தில், வெயில் நேராக அடிக்காத சுவரில் மாட்டுங்கள். என் வீட்டில் மூன்றாவது மாதம் ஜோடி வந்தது. அந்தச் சந்தோஷம் எந்த அலமாரியிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

கொஞ்சம் கை பழகிய பிறகு பல்லாங்குழி. ஒரு பக்கத்துக்கு 7, மொத்தம் 14 குழி. வளைந்த வாய் உள்ள உளி வேண்டும். வரிசையாகப் பதினான்கு குழியையும் ஒரே ஆழத்தில் தோண்டி முடிக்கும்போது உளி உங்கள் பேச்சைக் கேட்க ஆரம்பித்திருக்கும்.

நன்றாகச் செய்த மேசைப்பலகை ஏன் கோடை வந்ததும் வெடித்தது?

மரம் வெட்டப்பட்ட பிறகும் காற்றின் ஈரத்தை வாங்கும், விடும். ஐப்பசி மழையில் உங்கள் வீட்டுக் கதவு இறுகிக்கொள்வதும் மாசியில் லேசாகிவிடுவதும் இதனால்தான். இந்த அசைவு நீளவாக்கில் கிட்டத்தட்ட இல்லை, அகலத்தில்தான் எல்லாம். ஓர் அடி அகலப் பலகை மழைக்கும் கத்திரி வெயிலுக்கும் இடையில் ஒரு நூல் வரை அகலம் மாறலாம். அதைத் தடுக்க யாராலும் முடியாது. வழிவிடத்தான் முடியும்.

என் முதல் மேசையில் மூன்று பலகைகளைச் சேர்த்து ஒட்டி, சுற்றிலும் சட்டம் வைத்து, எல்லாவற்றையும் பசை போட்டு இறுக்கினேன். டிசம்பரில் செய்தது. மே மாதத்தில் ஒரு மதியம் படார் என்று சத்தம் கேட்டது. நடுவில் ஒன்றரை அடிக்கு வெடிப்பு. பலகை சுருங்கப் பார்த்திருக்கிறது, சட்டம் விடவில்லை.

பழைய வீட்டுக் கதவுகளைப் பாருங்கள். சட்டத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, நடுப்பலகையை அதற்குள் பசை இல்லாமல் சும்மா நிறுத்தியிருப்பார்கள். அது உள்ளுக்குள்ளேயே சுருங்கி விரிந்துகொள்ளும். செட்டிநாட்டு வீடுகளில் நூறு வருடக் கதவுகள் வெடிக்காமல் நிற்பதற்கு நல்ல பர்மா தேக்கு ஒரு காரணம் என்றால், இந்த வேலைமுறை இன்னொரு காரணம். மேசையில் இதையே வேறு மாதிரி செய்யலாம். மேல்பலகையைச் சட்டத்தோடு ஸ்க்ரூவால் பிடிக்கும்போது, சட்டத்தில் போடும் துளையை வட்டமாகப் போடாமல் பலகையின் அகல வாக்கில் நீள் துளையாகப் போடுங்கள். ஸ்க்ரூ அதற்குள் நகர்ந்துகொள்ளும். மணையின் குறுக்குச் சட்டத்துக்கும் இதே வழிதான்: நடுவில் ஒரு ஸ்க்ரூ இறுக்கமாக, இரு ஓரங்களில் நீள் துளை.

மரத்தை வாங்கி வந்தவுடன் வேலையில் இறங்காமல், எந்த அறையில் அந்தப் பொருள் இருக்கப்போகிறதோ அங்கேயே இரண்டு வாரம் அடுக்கி வைத்தால் பாதிப் பிரச்சினை குறையும்.

ஸ்க்ரூ போதுமா, கழுந்து போட்டு இணைக்க வேண்டுமா?

அலமாரிக்கும் பெட்டிக்கும் ஸ்க்ரூவும் பசையும் போதும். முதலில் சின்ன டிரில்லால் வழித்துளை போட்டுவிட்டுத்தான் ஸ்க்ரூவை ஏற்ற வேண்டும், இல்லையென்றால் ஓரம் பிளக்கும். பலகையின் வெட்டுமுனையில் ஸ்க்ரூவுக்குப் பிடிப்பு குறைவு, பசைக்கும் அங்கே பிடிப்பு குறைவு. நாரும் நாரும் பக்கவாட்டில் ஒட்டும் இடத்தில்தான் பசை முழு வேலை செய்யும்.

நாற்காலி, ஸ்டூல், மேசைக் கால் என்று ஆடுகிற, சாய்கிற பொருள்களுக்குக் கழுந்தும் துளையும் வேண்டும். ஒரு சட்டத்தின் முனையைச் சீவி மெல்லிதாக்கியது கழுந்து, அது மற்றச் சட்டத்தின் துளைக்குள் போய் உட்காரும். மனிதர் உட்கார்ந்து பின்னால் சாயும்போது இணைப்பில் வரும் நெம்புதலை ஸ்க்ரூ ரொம்ப நாள் தாங்காது. கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. முதலில் துளையை எடுத்துவிட்டு, அதற்கேற்பக் கழுந்தைச் சீவுங்கள்; கழுந்தைக் குறைப்பது எளிது, துளையைத் திருத்துவது கடினம். கையால் தள்ளினால் பாதி போய், கொட்டாப்புளியால் மெல்லத் தட்டினால் மீதி போக வேண்டும். ஓங்கி அடிக்க வேண்டியிருந்தால் இறுக்கம் அதிகம், துளைச்சுவர் பிளந்துவிடும்.

வெள்ளைப் பசை, அதாவது எல்லாரும் ஃபெவிகால் என்று சொல்வது, கிளாம்ப் போட்டு ஒரு மணி நேரம் விட வேண்டும். முழுப் பலம் வர ஒரு நாள். ஓரத்தில் பிதுங்கிய பசையை உடனே ஈரத்துணியால் தேய்த்தால் அது மரத்துக்குள் போய், பாலிஷ் ஏறாமல் திட்டுத் திட்டாக நிற்கும். அரை மணி கழித்து, ரப்பர் போல ஆனதும் உளியால் சீவி எடுங்கள்.

புத்தக அலமாரித் தட்டு நடுவில் தொங்குகிறது. என்ன தவறு?

நீளம். தட்டு முழுக்கப் புத்தகம் அடுக்கினால், அதன் தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 2 அடித் தட்டை 3 அடி ஆக்கினால் தொய்வு ஏறக்குறைய 5 மடங்கு. கனம் கூடினால் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் குறையும்: 12 மில்லியிலிருந்து 18 மில்லிக்குப் போனால் மூன்று மடங்குக்கு மேல் உறுதி. ஆகவே 18 மில்லி பிளைவுட்டில் இரண்டரை அடிக்கு மேல் நீளம் வேண்டாம். ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்றால், தட்டின் முன் விளிம்பில் ஒன்றரை அங்குல உயரச் சட்டம் ஒன்றை நிறுத்தி வைத்து ஒட்டி ஸ்க்ரூ போடுங்கள். பின்பக்கமும் ஒன்று வைத்தால் இன்னும் நல்லது.

கிரைண்டரில் மரம் அறுக்கும் பிளேடு மாட்டி வேலை செய்யலாமா?

வேண்டாம். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கடைகளில் ஆங்கிள் கிரைண்டருக்குப் பொருந்தும் பல் பிளேடு சல்லிசாகக் கிடைக்கிறது. அந்த மெஷின் இரும்பைத் தேய்க்கச் செய்தது. மரம் அறுக்கும் வட்ட ரம்பத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகச் சுற்றும். பல் ஒரு கணுவில் சிக்கினால் மெஷினே எகிறித் திரும்பி வரும், தொடைக்கோ கழுத்துக்கோ. மார்பிள் கட்டரைத் தலைகீழாக மேசையில் பதித்து, காப்பு மூடியைக் கழற்றிவிட்டு அறுப்பதும் இதே ஆபத்துதான். தினமும் செய்கிற பட்டறைக்காரர்களிலேயே விரல் இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மற்ற பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உளி போகும் திசையில் உங்கள் கை இருக்கக் கூடாது. மரத்தைக் கிளாம்ப் பிடிக்கட்டும், இரண்டு கையும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும். சுற்றுகிற பிளேடுக்குப் பக்கத்தில் கையுறை, துப்பட்டா, தொங்கும் லுங்கி கூடாது. கண்ணாடி போடுங்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை சேர்த்திருக்கிறது, ஆகவே உப்புத்தாள் தேய்க்கும்போது என்95 முகக்கவசம் அவசியம். கர்ச்சீப் கட்டினால் போதாது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். இடமும் இல்லை, சத்தமும் போடக் கூடாது.

கைக்கருவிக்கு இதுவும் ஒரு நன்மை. இழைப்புளியின் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. உளி அடிப்பதுதான் கேட்கும். அதைக் காலை பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். 6-க்கு 3 அடி பால்கனி இருந்தால் போதும்.

பெரிய மேசை இல்லையே என்ற கவலையும் வேண்டாம். நம் ஆசாரிமார் வழிவழியாகத் தரையில் உட்கார்ந்து, பாதத்தால் மரத்தை அழுத்திக்கொண்டுதான் வேலை செய்தார்கள். முட்டி ஒத்துழைத்தால் நீங்களும் செய்யலாம். இல்லையென்றால் ஒரு கனமான பலகையின் ஒரு முனையில் மேலே ஒரு சட்டமும் மறுமுனையில் கீழே ஒரு சட்டமும் அடித்துக்கொள்ளுங்கள். கீழ்ச்சட்டம் மேசை ஓரத்தில் மாட்டிக்கொள்ளும், மேல்சட்டத்தில் மரத்தை முட்டுக்கொடுத்து அறுக்கலாம். வேலை முடிந்ததும் கட்டிலுக்கு அடியில் போய்விடும். சுருள்களைச் செடித்தொட்டியில் மேலாகப் போடலாம். பிளைவுட் தூளைப் போடக் கூடாது.

பாலிஷ் எதைப் போடுவது?

பொருளைப் பொறுத்தது. தொடக்கக்காரருக்கு நான் சொல்வது அரக்கு. ஜார்க்கண்ட் பக்கம் மரங்களில் அரக்குப் பூச்சி வைக்கும் பிசினைச் சுத்தம் செய்து செதிலாக்கி விற்கிறார்கள். ஒரு லிட்டர் பாலிஷ் ஸ்பிரிட்டுக்கு 250 கிராம் செதில், ஒரு ராத்திரி ஊறினால் கரைந்துவிடும். பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் பொட்டலமாகக் கட்டி, அதில் நனைத்து, நார் போகிற பக்கம் மெல்லியதாக இழுங்கள். அரை மணியில் காயும். ஐந்தாறு பூச்சு, இடையிடையே 400 உப்புத்தாளால் லேசாகத் தடவி. தவறினால் அதே ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு மறுபடியும் போடலாம், இந்த வசதி எல்லாப் பாலிஷிலும் இல்லை. சூடான காபி டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும் என்பதால் சாப்பாட்டு மேசைக்கு வேண்டாம். மழைக்காலத்து ஈரக் காற்றில் போட்டால் பால் படிந்த மாதிரி மங்கும். வெயில் நாளாகப் பார்த்துப் போடுங்கள். ஸ்பிரிட் பக்கத்தில் அடுப்பு, விளக்கு எதுவும் இருக்கக் கூடாது.

ஆளிவிதை எண்ணெய் போடுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால், அது காயும்போது உண்டாகும் சூட்டில் தானாகவே தீப்பிடிக்கும். துணியைக் கொடியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் போட்டு வையுங்கள்.

கரண்டி, மத்து, சப்பாத்திப் பலகைக்குத் தேங்காய் எண்ணெய் போடலாமா?

பலரும் போடுகிறார்கள். சில மாதத்தில் சிக்கு வாடை வரும். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் கெடாது, வாசனையும் இல்லை. அதை லேசாகச் சூடாக்கிக் கொஞ்சம் தேன்மெழுகு கரைத்துத் தேய்த்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

தோட்டத்தில் விழுந்த மரத்தைப் பயன்படுத்தலாமா? உலர எவ்வளவு நாள்?

முருங்கையைத் தவிர எதையும் பார்க்கலாம். விழுந்தவுடன் மில்லுக்குக் கொண்டுபோய்ப் பலகையாக அறுத்துவிடுங்கள், உருட்டாகவே கிடந்தால் வெடித்துவிடும். இரண்டு முனைகளிலும் பெயின்ட்டோ மெழுகோ பூசுங்கள், ஈரம் அங்கேதான் வேகமாக வெளியேறும். நிழலில், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், பலகைக்கும் பலகைக்கும் இடையில் ஒன்றரை அடிக்கு ஒரு ரீப்பர் (மெல்லிய சட்டம்) துண்டு வைத்து அடுக்குங்கள். ரீப்பர்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும், தவறினால் பலகை அலையலையாக உலரும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. ஒரு சின்னப் பலகையை மாதம் ஒரு முறை எடை போட்டுக் குறித்து வாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் மரம் தயார்.

பெட்டி, பேலட் மரம் இலவசமாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

முத்திரையைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பேலட்டில் கோதுமைக் கதிர் படத்தோடு எழுத்துகள் சுட்டிருக்கும். எச்.டி. (HT) என்றிருந்தால் மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியது, எடுக்கலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மீதைல் புரோமைடு புகை போட்டது, விட்டுவிடுங்கள். எண்ணெயோ ரசாயனமோ கொட்டிய கறை இருந்தாலும் வேண்டாம்.

இடித்த வீட்டு உத்தரம் ஒன்று கிடைத்தது. என்ன செய்யலாம்?

அதிர்ஷ்டம்தான். அறுபது எழுபது வருடம் நன்றாக உலர்ந்த மரம். மில்லுக்கு எடுத்துப் போகும் முன் ஒரு வலுவான காந்தத்தை எல்லாப் பக்கமும் அங்குலம் அங்குலமாக நகர்த்துங்கள். இழுக்கிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு, ஆணியைத் தோண்டி எடுங்கள். தலை துருப்பிடித்துப் போய் உடல் மட்டும் உள்ளே நிற்கும் ஆணிகள் உண்டு. மரத்தில் நீலக் கறுப்புக் கறை தெரிந்தால் அதற்குள் இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். ஓர் ஆணி போதும், மில்லின் பட்டை ரம்பம் போய்விடும். அதனால் பழைய மரத்தை அறுக்கவே சிலர் மறுப்பார்கள். சோதித்த வட்டங்களை அழிக்காமல் எடுத்துப் போய்க் காட்டுங்கள், அறுத்துக் கொடுப்பார்கள். ஆணி எடுத்த ஓட்டைகளை அடைக்காமல் அப்படியே விடுங்கள். என் தாத்தா வீட்டு உத்தரத்தில் செய்த பெஞ்சில் அந்த ஓட்டைகளைத்தான் எல்லாரும் முதலில் தொட்டுப் பார்க்கிறார்கள்.